வால்ஹார்ட்ஸ் பக்கம் இரண்டு ஹெக்டேர் உவர் ஏறிக் கிடக்கிறது. உப்புச்செடி வைத்தால் மண் திரும்புமா?

முதுகுளத்தூரான் (கிம்பர்லி), மார்ச்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவர், அவர் வீட்டார் ஐந்தாம் தலைமுறை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய மாமாவும் நானும் சேர்ந்து யான் கெம்ப்டோர்ப் பக்கத்தில் பதினெட்டு ஹெக்டேர் குத்தகைக்கு எடுத்தோம். வால்ஹார்ட்ஸ் கால்வாய்த் தண்ணீர் வருகிற நிலம். செம்மணல். கோடையில் மக்காச்சோளமும் நிலக்கடலையும், குளிரில் கோதுமையும் போடுகிறோம்.

தெற்கு மூலை தாழ்ந்திருக்கும். அங்கே முதல் வருடமே மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இரண்டாம் வருடம் முளைப்பே இல்லை. இப்போது பார்த்தால் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. காலையில் ஈரமாகக் கறுத்திருக்கும், மத்தியானம் வெளுத்துவிடும். இரண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட வரும். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ப்ராக்". இங்கே உவர் மண்ணுக்கு அதுதான் பேர்.

உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள். இருபது டன் இறக்கினோம், பலன் ஒன்றும் தெரியவில்லை. செலவு மட்டும் நின்றது. இப்போது ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓமன்சவுட்போஸ் என்ற உப்புப்புதரை நட்டால் அது உப்பை உறிஞ்சி எடுத்துவிடும், நாலு வருடத்தில் மறுபடி மக்காச்சோளம் போடலாம் என்கிறார். ஆட்டுக்கும் தீவனமாம்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் சீமை. உவர் நிலம் எப்படி ஒரு குடும்பத்தை வெளியூருக்குத் துரத்தும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அதனால்தான் இந்த மூலையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பச்சைக்கொடி (ஜோஹன்னஸ்பர்க்)

தாராளமாக நடுங்கள் அண்ணா. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2024 கடைசியில் சொன்ன கணக்குப்படி உலகத்தில் 138 கோடி ஹெக்டேர் நிலம் உப்பால் பாதிக்கப்பட்டிருக்கிறது. பத்தில் ஒரு பங்குக்கும் மேல். இதற்கெல்லாம் வடிகால் குழாய் பதித்து மாளாது, செடிதான் வழி.

தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 2007இல் வந்த ஆய்வு ஒன்று: சுவேடா, செசுவியம் என்ற இரண்டு கடலோரச் செடிகளை உவர் நிலத்தில் வளர்த்தபோது நான்கு மாதத்தில் ஹெக்டேருக்கு முறையே 504 கிலோ, 474 கிலோ உப்பை இழுத்திருக்கின்றன. அரை டன்! வருடத்துக்கு மூன்று முறை அறுத்தால் ஒன்றரை டன். உங்கள் மூலை தன்னால் சுத்தமாகிவிடும்.


செம்மண் (ப்ளும்ஃபோன்டைன்)

மண் ஆய்வுதான் என் வேலை, இருபது வருடமாக இந்த நாட்டுப் பாசன நிலங்களில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். பச்சைக்கொடி சொன்ன ஆய்வு நல்ல ஆய்வு. எண்ணும் சரி. ஆனால் அந்த எண்ணை இன்னொரு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதுகுளத்தூர் தம்பி, ஒரு ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் 1000 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கோடி லிட்டர். லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருந்தாலே ஐந்து டன் உப்பை நீங்களே கால்வாய் வழியாகக் கொண்டுவந்து வயலில் கொட்டுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. உப்புப்புதர் எவ்வளவு எடுக்கும்? காய்ந்த தழை ஹெக்டேருக்கு நான்கு டன் கிடைத்தால், அதை எரித்தபின் மிஞ்சும் சாம்பல் கால் பங்கு. ஆக ஒரு டன். அந்த ஒரு டன்னும் முழுக்க உப்பு அல்ல. ஐந்து வருகிற இடத்தில் ஒன்று போனால் கணக்கு எங்கே நேராகும்?

அதுவும் தழையை அறுத்து நிலத்தை விட்டு வெளியே எடுத்துச் சென்றால்தான் அந்த ஒன்று. ஆட்டை உள்ளே விட்டு மேய்த்தால் தின்ற உப்பு மூத்திரமாக அதே இடத்தில் இறங்குகிறது. மேய்க்காமலே விட்டால் இலை உதிர்ந்து மேல்மண்ணில் உப்பு சேர்கிறது. "உப்பை உறிஞ்சிவிடும்" என்ற பேச்சைக் கேட்டு நட்டு ஏமாந்த விவசாயிகளை நேரில் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செடியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வெறும் தரையாகக் கிடந்தால் சூரியன் நேரே மண்ணிலிருந்து நீரை இழுக்கும். அகல் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் அடிநீர் ஏறும், உப்பைக் கூடவே கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகும். உங்கள் வெள்ளைப் பூப்பு அதுதான். தரையை ஏதாவது ஒரு செடி மூடினால் அந்தத் திரி அறுகிறது. வேர் இறங்கிய வழியில் மழைநீர் இறங்கும், இறங்கும்போது உப்பைக் கீழே தள்ளும். மட்கு சேரும். செடி மண்ணைத் திருப்புவது இப்படித்தான்: உப்பைத் தின்று அல்ல, தண்ணீர் போகிற திசையை மாற்றி.

திசை மாற வேண்டுமானால் கீழே இடம் வேண்டும். அதனால் என் முதல் கேள்வி செடியைப் பற்றியது அல்ல. அந்த மூலையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது?

வால்ஹார்ட்ஸின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வெட்டிய கால்வாய்த் திட்டம். அப்போது அடிநீர் ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் இருந்தது. நாற்பது வருடம் பாய்ச்சியதில் அது தரைக்குக் கீழே ஒரு மீட்டர் சொச்சத்துக்கு ஏறிவிட்டது. பிறகுதான் நிலத்தடியில் வடிகால் குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். உப்பு உங்கள் மூலைக்கு எங்கிருந்தோ திடீரென்று வரவில்லை. தண்ணீர் ஏறி வந்தது, உப்பு அதன் முதுகில் வந்தது.

செய்ய வேண்டியது: மண் துளைக்கோலால் இரண்டு மீட்டர் துளை போட்டு, ஓட்டையிட்ட பிளாஸ்டிக் குழாய் இறக்கி, மறுநாள் நீர்மட்டம் அளந்து சொல்லுங்கள். மூலையில் ஒன்று, மேட்டில் ஒன்று. மேல்மண், ஒரு அடி, மூன்று அடி என்று மூன்று ஆழத்தில் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மின்கடத்தும் திறன் (மொத்த உப்பைக் காட்டும்), பி.எச். (காரத்தன்மை), சோடியம் உறிஞ்சு விகிதம் (மற்ற உப்புகளோடு பார்க்க சோடியம் எவ்வளவு என்பது) மூன்றும் வேண்டும். இது கைக்கு வராமல் ஜிப்சம் பேச்சே வேண்டாம்.


தொங்காட் பெரியவர்

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு எழுபத்தெட்டு வயது. பேசுகிற தமிழ் ஆயாவிடம் வந்தது, எழுத்துத் தமிழ் கோயில் வகுப்பில் வந்தது.

என் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ என்ற முதல் கப்பல் வந்ததே, அதற்குச் சில வருடம் பின்னால். ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறித் தோட்டம் போட்டார்கள். ஆயா சொல்வார், அவர்கள் ஊரில் வண்ணார் வீட்டார் தரிசில் போய் உவர்மண் அள்ளிவந்து துணி வெளுப்பார்களாம், சவுக்காரம் வேண்டியதில்லையாம். அந்த மண்ணைக் கையில் நனைத்தால் வழவழவென்று இருக்குமாம்.

என் கேள்வி இதுதான்: உன் மூலை மண் நாக்கில் கரிக்கிறதா, கையில் வழுக்குகிறதா? இரண்டும் ஒன்று அல்ல என்று ஆயா சொல்லுவார்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கால்வாய் நிலத்தை வெட்டிக் கொடுத்தபோது அது ஏழை வெள்ளைக்காரருக்கு என்று வெட்டியது. நம்மவர் விண்ணப்பம் கூடப் போட முடியாது. அதே நிலத்தில் இன்று நம் வீட்டுப் பிள்ளை நின்றுகொண்டு மண்ணுக்காகக் கவலைப்படுவதைப் படிக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. பார்த்துச் செய், தம்பி.


செம்மண்

ஐயா, உங்கள் ஆயா சொன்னது அப்படியே மண்ணியல். கரிப்பது உவர். வழுக்குவது களர். வண்ணார் அள்ளியது சோடியம் கார்பனேட் உள்ள மண், அதனால்தான் சவுக்காரம் மாதிரி வேலை செய்தது. இந்த நாட்டு வறண்ட கரூ பிரதேசத்திலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு: கன்னா என்ற உப்புப்புதரை எரித்து, அந்தச் சாம்பல் நீரில் கொழுப்பைக் காய்ச்சித்தான் பண்ணை வீடுகளில் சவுக்காரம் செய்தார்கள்.

களருக்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைக் களிமண்ணிலிருந்து விரட்டும், பிறகு நீர் விட்டுக் கழுவ வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். திருச்சிப் பக்கம் களர் நிலத்தில் அப்படிச் செய்து திருச்சி 1, திருச்சி 3 நெல் போடுகிறார்கள். வெறும் உவருக்கு ஜிப்சம் மருந்தல்ல. இருக்கிற உப்போடு இன்னொரு உப்பு, அவ்வளவுதான்.


முதுகுளத்தூரான், மே

பெரியவர் ஐயாவுக்கு என் வணக்கம். மண் கரிக்கிறது, வழுக்கவில்லை. என் மாமியாரும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

ஆய்வு வந்துவிட்டது. மூலையில் மேல்மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 14 டெசிசீமன்ஸ், ஒரு அடியில் 9, மூன்று அடியில் 6. பி.எச். 8.1. சோடியம் உறிஞ்சு விகிதம் 9. மேட்டு நிலத்தில் எல்லா ஆழத்திலும் 2க்குக் கீழே.

துளை போட்டதில் மூலையில் 90 சென்டிமீட்டரிலேயே தண்ணீர். மேட்டில் இரண்டு மீட்டர் வரை ஒன்றுமில்லை.

செம்மண் அக்கா சொல்லாத ஒரு துளையும் நானாகப் போட்டேன். எங்கள் மேட்டு நிலத்துக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு மண் குட்டை இருக்கிறது. கால்வாய் முறை ராத்திரி வந்தால் அதில் தேக்கி வைத்துப் பகலில் பாய்ச்சுவோம். கட்டி எத்தனை வருடம் ஆயிற்றோ, கரையோரம் நாணல் மண்டியிருக்கும். குட்டைக்குக் கீழே பத்து மீட்டர் தள்ளித் துளை போட்டால் 50 சென்டிமீட்டரில் தண்ணீர்!


செம்மண்

தம்பி, உங்கள் நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எண்களைப் படிக்கிறேன். மின்கடத்தும் திறன் 4க்கு மேல் போனால் உவர் என்பார்கள், உங்களுடையது 14. சோடியம் விகிதம் 13க்குக் கீழே, பி.எச். 8.5க்குக் கீழே: களர் இல்லை. ஜிப்சம் தேவையே இருந்ததில்லை. மேலே அதிகம், கீழே குறைவு என்று உப்பு அடுக்கியிருப்பதைப் பாருங்கள், கீழிருந்து ஏறுகிற உப்பின் முகம் அது. மேலிருந்து நீர் இறங்குகிற நிலமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

குட்டை கசிகிறது. பக்கவாட்டில் ஓடித் தாழ்ந்த மூலையில் தேங்குகிறது. அதை நிறுத்தாமல் உப்புப்புதர் என்ன, எதை நட்டாலும் ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். குளிர்காலத்தில் குட்டையை வற்றவிட்டு, கரையைச் சமன் செய்து, கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். செலவுதான், ஆனால் கசிந்து போகிற தண்ணீருக்கும் நீங்கள் காசு கட்டுகிறீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அதற்குப் பிறகு செடி. ஒரே செடியை மூலை முழுக்க நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பு வட்டம் வட்டமாக இருக்கிறது, நடவும் வட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

குட்டைக்கும் மூலைக்கும் நடுவில் இருக்கிற நல்ல மண் பட்டையில் குதிரைமசால். அதற்கு உப்பு ஆகாது, 2 தாண்டினாலே விளைச்சல் குறையும். ஆனால் வேர் ஆழமாகப் போய் வருடம் முழுக்க நீர் குடிக்கும், மிச்சக் கசிவை மூலைக்கு வரும் முன்னே வாங்கிக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆழவேர் மரங்களை வெட்டிக் கோதுமை போட்டதால்தான் அடிநீர் ஏறி லட்சக்கணக்கான ஹெக்டேர் உவராயிற்று. அந்தத் தவற்றைத் தலைகீழாகச் செய்வதுதான் இது.

மூலையின் ஓரத்தில், 8 வரை இருக்கிற இடத்தில் பார்லி. நாம் போடுகிற தானியங்களில் உப்புத் தாங்குவதில் அதுதான் முதல். 8 வரை விளைச்சல் குறையாது, அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் நூற்றுக்கு ஐந்து குறையும். மக்காச்சோளமோ 1.7 தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு குறையும், 6இல் பாதி போயிற்று. உங்கள் மக்காச்சோளம் ஏன் முழங்காலில் நின்றது என்று இப்போது தெரிகிறதா?

நட்ட நடுவில், 14 இருக்கிற இடத்தில்தான் உப்புவிரும்பிச் செடி. அதற்கு நான் முதலில் சொல்வது நம் அருகம்புல். இங்கே க்வீக் என்பார்கள். 7 வரை சளைக்காது, அதற்கு மேலும் இளைத்தபடி உயிரோடு இருக்கும். மழைக்குப் பிறகு மேல் உப்பு கொஞ்சம் இறங்கியதும் கணுவை நட்டால் ஓடிப் பிடிக்கும். பச்சைக்கொடி சொன்ன செசுவியம் வேண்டாம். அது வெப்பக் கடற்கரைச் செடி, உங்கள் ஜூலை உறைபனியில் ஒரே ராத்திரியில் கருகும்.


பச்சைக்கொடி

உறைபனியை நான் யோசிக்கவே இல்லை. அக்கா சொன்ன ஐந்து டன் கணக்கை நானும் எழுதிப் பார்த்தேன், சரிதான். என் பதிலை அழிக்காமல் விடுகிறேன், பிற்பாடு படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.


நாமக்கல்_டாக்டர் (க்ராஃப் ரைனெட்)

நான் கால்நடை மருத்துவர், கரூவில் ஆடுகளோடு இருப்பவன். செம்மண் அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஓமன்சவுட்போஸுக்காக ஒருவராவது பேச வேண்டும்.

மழையே இல்லாத வருடங்களில் இங்கே மந்தைகளை உயிரோடு வைத்திருந்தது அந்தப் புதர். சாம்பல் நிற இலை, கையால் தடவினால் மாவு போல் வரும். அந்த மாவுதான் உப்புப் பை. செடி தன் உடம்புக்கு வேண்டாத உப்பை இலைத் தோலின் மேலுள்ள சின்னச் சின்னப் பைகளில் ஒதுக்கி வைக்கிறது. புரதம் நூற்றுக்குப் பதினைந்து வரை கூடக் கிடைக்கும், வைட்டமின் ஈ நிறைய. காய்ந்த மேய்ச்சலில் அதற்குத்தான் பஞ்சம்.

ஆனால் அதை மட்டும் கொடுத்தால் ஆடு மெலியும். உப்பு மிகுந்தால் தீனி எடுப்பு குறைந்துவிடும். வைக்கோலோ காய்ந்த புல்லோ பாதிக்கு மேல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் நல்ல தண்ணீர், வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு கூடக் குடிக்கும். தொட்டித் தண்ணீரே உப்பாக இருந்தால் இந்தத் தீவனம் பக்கம் போகாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. அயல் தாவர விதிகளின்படி இது இரண்டாம் வகை. அனுமதி வாங்கித்தான் வளர்க்கலாம், அனுமதித்த எல்லைக்கு வெளியே போகவிடக் கூடாது. அது வீண் சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றங்கரைகளில் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், வேலி கட்டி, பூக்கும் முன் வெட்டி, ஒழுங்காக வைத்திருக்கும் பண்ணைகளும் எனக்குத் தெரியும். இரண்டு ஹெக்டேர் மூலைக்கு அது உங்களுக்கு வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.


முதுகுளத்தூரான்

டாக்டர், இதற்கு என் பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வட கேப்பில் முதல் முறை காரில் போனபோது, வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றில் ஒரு மரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். மஞ்சள் காய் தொங்குகிறது, முள், அந்த இலை. இறங்கிப் போய்க் கிளையைப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சீமைக்கருவைக்குக் கூடப்பிறந்தது. இங்கே ப்ரோசோபிஸ் என்கிறார்கள். நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, அரசாங்கமே பரப்பி, இப்போது அரசாங்கமே 1995இலிருந்து ஆள் வைத்து அயல் மரங்களை வெட்டுகிறது. ஆடு காயைத் தின்கிறது, போகிற இடமெல்லாம் விதை விழுகிறது. எங்கள் ஊரிலும் அதே கதைதான்.

என் அப்பா அந்த மரத்தைத் திட்டியதே இல்லை. மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். உவர் ஏறிய தரிசில் அது ஒன்றுதான் முளைத்தது. ஆனால் கண்மாய்க்குள் அது புகுந்த பிறகு கண்மாய் கண்மாயாக இல்லை. வயலுக்குத் திரும்பலாம் என்று நினைத்தபோது வேரைப் பெயர்க்கும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டியது. சோறு போட்ட மரம்தான் நிலத்தையும் மூடியது. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் இந்த மூலையில் நிற்கிறேன்.

அதனால் ஓமன்சவுட்போஸ் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு ஆடும் கிடையாது, அருகே ஓடை இருக்கிறது. இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிற செடியில் முடியுமா என்று முதலில் பார்க்க ஆசை. கன்னா கிடைக்குமா அக்கா?


செம்மண்

கன்னா உங்கள் பக்கத்து உப்புப் பள்ளங்களில் இருக்கிறது. நாற்றுப் பண்ணைகளில் அபூர்வம். நிலக்காரரிடம் கேட்டு, பருவத்தில் விதை சேர்த்து, அந்த வருடமே விதையுங்கள், பழைய விதை முளைக்காது. மெதுவாக வளரும். அவசரத்துக்கு உதவாது, ஆனால் வந்தால் நிற்கும்.

நடுவதற்கு முன் மண்ணை மேடாக இழுத்து, மேட்டின் உச்சியில் சின்னப் பள்ளம் விடுங்கள். மழைநீர் அந்தப் பள்ளத்தில் நின்று உப்பைப் பக்கவாட்டில் தள்ளும், விதை இருக்கும் இடம் மட்டும் கொஞ்ச நாள் உப்புக் குறைந்து இருக்கும். முளைக்கிற பத்து நாள்தான் கண்டம். உப்புச்செடியாகவே இருந்தாலும் முளைக்கும்போது அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.


வடமராட்சியான் (கேப் டவுன்)

எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டு வாறன். எங்கட ஊரிலை கிணறுதான் எல்லாம். சுண்ணாம்புக்கல்லுக்கு மேலை ஒரு மெல்லிசு நல்ல தண்ணி, அதுக்குக் கீழை கடல். துலா இருந்த காலத்திலை அளவா இறைச்சம். மெசின் வந்தாப்பிறகு அளவு மறந்து இறைக்க, உப்புத்தண்ணி மேலை வந்திட்டுது. வெங்காயம் நுனி கருகும், அதுதான் முதல் அடையாளம்.

உங்கட பிரச்சினை அதுக்கு நேர் எதிர். எங்களுக்குக் கூட எடுத்ததாலை உப்பு, உங்களுக்குக் கூடப் பாய்ச்சினதாலை உப்பு. தம்பி, மேட்டுக் காணிக்கு நீங்கள் எவ்வளவு பாய்ச்சுறீங்கள் எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ. குட்டை மட்டும் குற்றவாளியா இருக்காது.


முதுகுளத்தூரான்

அண்ணை, சரியான இடத்தில் பிடித்தீர்கள். கால்வாய் முறை வந்தால் மண் காய்ந்திருக்கிறதா என்று பாராமல் பாய்ச்சியிருக்கிறோம், விட்டால் அடுத்த முறைக்கு ஒரு வாரம் ஆகுமே என்ற பயம். இனிமேல் துளைக்கோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடை திறப்பது.


முதுகுளத்தூரான், அடுத்த வருடம் ஏப்ரல்

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், இப்போதுதான் வருகிறேன். நடந்தது இது.

ஜூன், ஜூலையில் குட்டையை வற்றவைத்து விரிப்புப் போட்டோம். மாமாவும் நானும் நான்கு கூலியாட்களும், பதினாறு நாள். கரையைத் தோண்டியபோது நாணல் வேர் ஒரு ஆள் உயரத்துக்கு உள்ளே போயிருந்தது. கசிந்த வழி அதுதான். அக்டோபரில் மூலைக் குழாயில் கோல் விட்டால் 1 மீட்டர் 35. அதற்கு முந்தைய அக்டோபருக்கு என்னிடம் அளவு இல்லை, மே மாத 90 மட்டுமே உண்டு. அதனால் பாதி பருவ வித்தியாசமாகவும் இருக்கலாம். மழைக்குப் பிறகு மார்ச்சில் பார்த்தேன்: 1 மீட்டர் 20. பழைய இடத்துக்கு ஏறவில்லை. இதை நம்புகிறேன்.

ஓரத்தில் பார்லி போட்டோம். முளைப்பு திட்டுத் திட்டாக. மேட்டில் வருகிற விளைச்சலில் பாதிக்குச் சற்று மேல் வந்தது. ஆனால் அந்த இடத்தில் இரண்டு வருடமாக ஒன்றுமே வரவில்லை. கதிர் பிடித்ததைப் பார்க்க என் மனைவி கிம்பர்லியிலிருந்து அவர் அம்மாவை அழைத்து வந்தார். அம்மா ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டு எதுவும் சொல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

கன்னா விதை மூன்று வரிசை. பெரும்பாலும் முளைக்கவில்லை. முளைத்ததில் இருபதோ இருபத்தைந்தோ நிற்கின்றன, சாண் உயரம். மேட்டைச் சரியாக இழுக்கவில்லை என்று நினைக்கிறேன், முதல் மழையில் பள்ளம் தூர்ந்துவிட்டது.

அருகம்புல்தான் ஆச்சரியம். நவம்பர் மழைக்குப் பிறகு கணு நட்டோம். ஜனவரி வரை செத்த மாதிரிக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஓட்டம். இப்போது வெள்ளைத் தரையில் பாதிக்கு மேல் பச்சை. புல்லுக்கு அடியில் மண்ணைத் தொட்டால் குளிர்ச்சி, பக்கத்து வெற்றிடத்தில் மேலோடு நொறுங்குகிறது. மேல்மண்ணை ஆய்வுக்கு அனுப்பினேன்: புல் இருக்கும் இடத்தில் 8.5. வெற்றிடத்தில் 13.

குதிரைமசால் பட்டை நன்றாக இருக்கிறது, அறுத்து விற்கிறோம். குட்டை விரிப்புச் செலவில் கொஞ்சம் அதிலிருந்து வருகிறது.


தொங்காட் பெரியவர்

தம்பி, அருகம்புல்லை இங்கே பிள்ளையார் கோயிலில் வாரம் தவறாமல் சாத்துகிறோம். அது உன் வயலில் இந்த வேலை செய்கிறது என்று நேற்று கோயிலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.


நாமக்கல்_டாக்டர்

நல்ல சேதி. அந்தப் புல்லில் இந்த வருடம் யாருடைய மாட்டையும் விடாதீர்கள். ஈரத்தில் மிதித்தால் மண் இறுகும், ஓட்டம் அறும். அடுத்த கோடைக்குப் பார்க்கலாம்.

ஒரு கேள்வி: மூலையில் வடிகால் குழாய் பதிக்கிற எண்ணம் உண்டா?


முதுகுளத்தூரான்

இருந்தது, தள்ளி வைத்திருக்கிறேன். குழாய் போட்டால் உப்பு நீர் எங்கே போகும்? ஹார்ட்ஸ் ஆற்றுக்கு. வால்ஹார்ட்ஸில் வடிகிறதெல்லாம் கடைசியில் ஸ்பிட்ஸ்காப் அணைக்குத்தான் போய்ச் சேர்கிறது, அதற்குக் கீழேயும் ஆட்கள் அந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள். வேறு வழியில்லாத நிலங்களுக்குக் குழாய் வேண்டும், அதை மறுக்கவில்லை. என் மூலை புல்லாலும் குறைந்த பாய்ச்சலாலும் சமாளிக்குமானால் என் உப்பை இன்னொருவர் வாசலுக்கு அனுப்ப வேண்டாம் என்று பார்க்கிறேன்.


செம்மண்

தம்பி, 8.5க்கும் 13க்கும் நடுவில் ஒரு சந்தேகம் இருக்கிறது. புல் பிடித்ததால் உப்பு குறைந்ததா, உப்பு குறைவான இடத்தில்தான் புல் பிடித்ததா? இரண்டுமாக இருக்கலாம். இப்போதே வெற்றிடத்தில் நான்கு இடம், புல்லில் நான்கு இடம் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு கம்புக்கும் பக்கத்தில் மூன்று ஆழத்திலும் மண் எடுங்கள். அடுத்த ஏப்ரலில் அதே எட்டுக் கம்பு, அதே ஆழம். மேலே குறைந்து மூன்று அடியில் கூடியிருந்தால் உப்பு இறங்குகிறது. மேலே மட்டும் பார்த்தால் அது தெரியாது.

கன்னாவுக்கு மேட்டை ஆகஸ்டிலேயே இழுத்து இறுகவிடுங்கள். மழைக்கு முந்தின வாரம் இழுத்ததால்தான் தூர்ந்திருக்கும்.


முதுகுளத்தூரான்

சனிக்கிழமை கம்பு நடுகிறேன் அக்கா.